கையெழுத்து மட்டும் போடாதே

கோவை
12.8.2018

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பதினோரு வருஷம் மில்லில் உழைத்தவளை வாட்ச்மேனை விட்டு 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்ல வைத்திருக்கிறார்களே!

அவர்கள் நீட்டுகிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. 'கணக்கு முடித்து செக் தருகிறோம்' என்பார்கள். நீயாகவே வேலையை விட்டதாக அதில் எழுதியிருக்கும். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை அவர்கள் தயவில் வருவதல்ல. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 என்று எழுதியிருந்தாய். அதை மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்து, வருஷத்துக்குரிய 15 நாளால் பெருக்கினால் 7,500. பதினோரு வருஷத்துக்கு 82,500 ரூபாய். வேலையை விட்டு நிறுத்தியது செல்லுமா என்கிற வழக்கு இதிலிருந்து தனி.

வக்கீல் விஷயத்தில் நான் செய்த தப்பை நீ செய்யாதே. 2013-ல் என்னை நிறுத்தியபோது, எங்கள் வீட்டுப் பத்திரம் பார்த்த வக்கீலிடமே போனேன். நல்ல மனிதர்தான், ஆனால் சிவில் கோர்ட்டில் கேஸ் போட்டுவிட்டார். எட்டு மாதம் வாய்தாவிலேயே போய், கடைசியில் 'இது இங்கே வராது' என்று ஆனது.

அப்புறம் கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தி தொழிற்சங்க ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். அங்கே வந்திருந்த வக்கீல் என் பையை மேஜையில் கவிழ்த்து, சம்பளச் சீட்டுகளை மாத வாரியாக அடுக்கினார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் நாள் கணக்குப் போட்டார். 'ஒரு வருஷத்தில் 240 வேலை நாள் தாண்டியிருக்கீங்க. நோட்டீசும் நஷ்ட ஈடும் தராமல் ஆட்குறைப்பு என்று நிறுத்த முடியாதும்மா' என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். அங்கே வக்கீலைச் சட்டம் அனுமதிப்பதில்லை. சங்கத்துக்காரர் உன் பக்கம் உட்காரலாம். 45 நாளில் தீரவில்லை என்றால் நேராக லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து மூன்று வருஷம் கெடு. தள்ளிப் போடாதே.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, அதனால் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் லேபர் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து, தொழிலாளிகள் யாரைச் சுற்றி நிற்கிறார்கள் என்று பார். அவர் நம்மைப் போன்றவர்களுக்கு வாதாடுகிறவரா, முதலாளிகளுக்கா என்று நேராகவே கேள். ஃபீஸை முதலிலேயே பேசி, கொடுக்கிற பணத்துக்கு ரசீது வாங்கு. ஜெயித்து வரும் பணத்தில் பங்கு கேட்டால் எழுந்து வந்துவிடு. வக்கீல்களைக் கட்டுப்படுத்துகிற பார் கவுன்சிலின் விதி அதற்கு இடம் தருவதில்லை.

காசில்லை என்று மலைக்காதே. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். நீ இரண்டு வகையிலும் வருகிறாய்.

2016-ல் அதே கேட் வழியாக மறுபடி வேலைக்குப் போனேன். இப்போதும் அங்கேதான். சின்னவள் பத்தாம் வகுப்பு, உன்னை அடிக்கடி கேட்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ கார்டு, பிஎஃப் சீட்டு, போனஸ் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சியில் ஏழு மணி பஸ் பிடி. உக்கடத்தில் இறங்கு, நான் நிற்கிறேன்.

அன்புடன்,
கலா