ஒரே புத்தகம், பதினோரு சத்தம்: ஒலிநூல் வாசிக்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாட்டுடைமையான நூல்களை எடுத்து, ஆளுக்கு இரண்டு அத்தியாயம் என்று பிரித்து வாசித்து, இலவசமாக ஏற்றுகிறீர்கள். காசு வாங்காமல் செய்யும் வேலையில் குறை சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அம்மாவுக்காக எழுதுகிறேன். கண் அழுத்த நோயில் அவருக்குப் பார்வை போன பிறகு, புத்தகம் என்றால் உங்கள் குரல்கள்தான்.

இரவு ஒன்பதரைக்குப் படுக்கையருகே ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். மூன்றாம் அத்தியாயம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். சத்தத்தை முழுக்க ஏற்றினால்தான் சொல் புரியும். அவர் கண்ணயரும் நேரத்தில் நான்காம் அத்தியாயத்தின் முகப்பு இசை கெட்டிமேளம் மாதிரி இறங்கும். பதறி எழுந்து, இருட்டோ வெளிச்சமோ தெரியாமல், குறைக்கும் பொத்தானைத் தடவித் தேடுவார்.

உங்களில் ஒருவரிடம் கேட்டேன். "எல்லாவற்றையும் நார்மலைஸ் பண்ணித்தானே ஏற்றுகிறோம்" என்றார். பொய்யில்லை. ஆனால் நீங்கள் சமப்படுத்துவது உச்சத்தை. கோப்பில் எந்த இடத்தில் அலை மிக உயரமாக எழுகிறதோ, அந்த ஒரு புள்ளியை ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது அந்த வசதி. மூன்றாம் அத்தியாயத்தில் பதினெட்டாவது நிமிடம் ஒரு கதவு படார் என்று சாத்தப்படுகிறது. அந்தக் கதவுதான் உச்சம். கதவு சரியான அளவுக்கு வந்துவிட்டது, பாவம், குரல் அதன் கீழேயே கிடக்கிறது.

காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்க வேறு கோல் இருக்கிறது. விளம்பரம் வந்தால் டிவி அலறுகிறது என்று உலகம் முழுக்க எழுந்த புலம்பலுக்குப் பதிலாக வந்தது அது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் அளக்கும் முறையை வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் −23 லஃப்ஸ் என்று இலக்கு வைத்தது. லஃப்ஸ் என்பது இந்த அளவின் அலகு; எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்; ஒரு லஃப்ஸ் ஏறினால் ஒரு டெசிபெல் ஏறியதாகக் கணக்கு. இந்த முறையில் எனக்குப் பிடித்தது, மௌனத்தை அது கணக்கில் சேர்ப்பதில்லை. சராசரியைவிட 10 அலகுக்கும் மேல் தாழ்ந்த துண்டுகளைத் தள்ளிவிடுகிறது. அதனால் நிறுத்தி நிதானமாக வாசிப்பவரையும் மூச்சுவிடாமல் வாசிப்பவரையும் ஒரே தராசில் வைக்கலாம்.

பாட்காஸ்ட்டுக்கு ஆப்பிள் கேட்பது −16. நீங்கள் மோனோவில் பதிவதால் −19 போதும். ஒற்றைத் தடம் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலிக்கும்போது 3 டெசிபெல் கூடி அதே இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் வேறு எண்ணைத் தேர்ந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, பதினோரு பேருக்கும் ஒரே எண்ணாக இருந்தால் சரி. பல குரல்களில் நூல் வாசிக்கும் லிப்ரிவாக்ஸ் தன்னார்வலர்கள் 89 டெசிபெல் என்று ஒரே அளவை வைத்துக்கொண்டு வருகிறார்கள் (அது வேறு அளவுகோல், லஃப்ஸோடு ஒப்பிட வேண்டாம்). அவர்கள் பயன்படுத்தும் எம்பி3கெயின் என்ற மென்பொருள் இலவசம். கோப்பை மறுபடி சுருக்காமல், உள்ளே இருக்கும் அளவுக் குறிப்பை மட்டும் 1.5 டெசிபெல் படிகளில் மாற்றுகிறது. தரம் குறையாது, பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கலாம்.

நான் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச ஒலி-ஒளி மென்பொருளில் உள்ள, உரப்பைச் சமப்படுத்தும் லவுட்நார்ம் வடிகட்டியைப் பிடித்தேன். 22 கோப்புகளையும் ஒரு ஃபோல்டரில் போட்டு ஒரே கட்டளையில் ஓட்டியபோது முதல் தடவை சொதப்பினேன். ஒரே ஓட்டத்தில் விட்டால் அது போகிற போக்கில் கூட்டிக் குறைக்கும். வாசிப்பவர் சற்று நிறுத்துகிற இடத்தில் அறை இரைச்சல் மெல்ல வீங்கியது. கதாநாயகியின் கிசுகிசுப்பும் மாமியாரின் கூச்சலும் ஏறக்குறைய ஒன்றாயின. மாமியார் அடங்கியதில் அம்மாவுக்கு உடன்பாடில்லை. முதல் ஓட்டத்தில் அளந்து, அந்த எண்களை இரண்டாம் ஓட்டத்துக்குக் கொடுத்தால் கோப்பு முழுவதும் ஒரே அளவாக ஏறும், ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். அதிலும் ஒரு சிக்கல்: ஏற்றும்போது அந்தக் கதவு மாதிரி ஏதாவது உச்சவரம்பைத் தாண்டுமானால், சொல்லாமல் கொள்ளாமல் போகிற போக்கில் கூட்டிக் குறைக்கும் பழைய முறைக்கே போய்விடும். ஆகவே கதவையும் இருமலையும் முதலில் வெட்டி எடுங்கள்.

முகப்பு இசையைத் தனியாகத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடக் குட்டிக்கதையில், குரலைவிட 16 டெசிபெல் உரத்த இசை 20 நொடி வந்தால் போதும், மொத்தச் சராசரி 5 டெசிபெலுக்கு மேல் ஏறிவிடும். கருவி அதை நம்பிக் குரலை அந்த அளவு கீழே தள்ளும். அளவு எல்லாம் சரி, பேச்சு மட்டும் கேட்காது.

அப்புறம் மின்விசிறி. மே மாதத்தில் நிறுத்தச் சொல்வது கொடுமைதான். ஆனால் தாழ்வாகப் பதிந்த குரலை 15 டெசிபெல் ஏற்றும்போது விசிறியும் கூடவே 15 டெசிபெல் ஏறுகிறது. மைக்கை ஒரு சாண் தூரத்துக்கு இழுத்து வைத்தாலே ஏற்றவேண்டிய தேவை பாதி குறையும்.

வாசிப்பவர்கள் யாரும் இந்தக் கணக்கெல்லாம் படிக்க வேண்டாம். பதிவேற்றுகிற ஒருவர் மட்டும், புத்தகம் முழுக்கச் சேர்ந்ததும், எல்லாக் கோப்பையும் ஒன்றாக ஓட்டினால் போதும். சுருக்காத அசல் வேவ் கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். நான் சரிசெய்தவை உங்கள் எம்பி3-யிலிருந்து மறுபடி சுருக்கியவை, அசலிலிருந்து நீங்கள் செய்தால் இன்னும் நன்றாக வரும். தேவையென்றால் என் கட்டளைக் கோப்பை அனுப்புகிறேன்.

ஏழாம் அத்தியாயத்தை மட்டும் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியவில்லை. விசிறிச் சத்தத்துக்கு நடுவே குரலைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சகோதரி அதை இன்னொரு முறை வாசித்துத் தருவாரா? அம்மா ஆறாம் அத்தியாயத்தோடு நிறுத்தி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
கேட்பவர்களில் ஒருவன்