ஸ்டார்ட்டிங் கெர்னல், அப்புறம் ஒன்றுமில்லை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. நான் வாங்கிய ரிஸ்க்-ஃபைவ் (திறந்த வடிவமைப்பு ப்ராசஸர் உள்ள) சின்ன கம்ப்யூட்டர் போர்டு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அதனால்தான் தாமதமே.

வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடியது. கம்பெனிக்காரன் கொடுத்த எஸ்டி கார்டு இமேஜில் பழைய 5.10 லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி), அதன் மேல் அவனே ஒட்டுப்போட்ட ஆயிரக்கணக்கான வரிகள். போர்டு விற்றதோடு சரி, அந்தக் கெர்னலை எட்டிப் பார்க்க ஆளில்லை. எல்லோரும் சேர்ந்து பராமரிக்கும் அதிகாரபூர்வ மெயின்லைன் கெர்னலையே ஏற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

ப்ராசஸர் பிரச்சினையே இல்லை, ரிஸ்க்-ஃபைவ் 2018 ஜனவரியில் கெர்னல் 4.15-லேயே உள்ளே வந்துவிட்டது. மற்றதெல்லாம்தான் பிரச்சினை. உன் பிசியில் எது எங்கே இருக்கிறது என்று ஃபர்ம்வேரே சொல்லிவிடும், இந்த மாதிரி சிப்பில் சீரியல் போர்ட் எந்த அட்ரஸில், எந்த இன்டரப்டில், எந்த க்ளாக்கில் என்று நாம்தான் டிவைஸ் ட்ரீ என்கிற ஹார்டுவேர் விவரக் கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு ஏஆர்எம் (மொபைல் போன்களில் இருக்கும் ப்ராசஸர் வகை) பக்கம் இதையே போர்டுக்கு ஒரு சி கோப்பாக எழுதிக் குவித்து, 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் கொதித்தது ஞாபகம் இருக்குமே.

முதல் நாள் இரவு "ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்று ஒரு வரி, அப்புறம் திரையில் எதுவும் இல்லை. செத்துவிட்டதா, உயிரோடிருந்தும் பேசவில்லையா என்றே தெரியாது. பூட் வரியில் எர்லிகானும் (டிரைவர் வருமுன்பே சீரியலில் செய்தி காட்டும் வசதி) கன்சோலும் சேர்த்தேன். மளமளவென்று வரிகள் கொட்டின, நான் எழுந்து நின்றே விட்டேன். நிஜமான சீரியல் டிரைவர் பொறுப்பெடுத்த அந்த நொடியில் எல்லாம் குப்பை எழுத்து! ஆனால் குப்பை வந்தால் நல்ல சகுனம், வேகம்தான் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். எர்லிகான், கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் வைத்த வேகத்தையே வைத்துக்கொள்ளும், டிரைவரோ டிவைஸ் ட்ரீயில் உள்ள க்ளாக்கை நம்பி தானே கணக்குப் போடும். வேறொரு போர்டின் கோப்பிலிருந்து 24 மெகாஹெர்ட்ஸ் என்று காப்பியடித்திருந்தேன், இதில் 50. ஒரு எண்ணுக்கு மூன்று ராத்திரி.

ஓடியதும் கெர்னல் பராமரிப்பாளர்களுக்குப் பேட்ச் (என் மாற்றங்களை) அனுப்பினேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி "பைண்டிங் எங்கே?" அதாவது டிவைஸ் ட்ரீயில் நான் வைத்த புதுப் பெயரை முதலில் தனி பேட்சாக ஆவணப்படுத்து, பிறகு உபயோகி. அப்புறம் அதிலுள்ள நோடுகளை (ஒவ்வொரு சாதனத்துக்குமான பகுதிகளை) அட்ரஸ் வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் நோட்டுக்கு அட்டை போடச் சொல்வது மாதிரி எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனியின் கெர்னல் அநாதையானதே இப்படிக் கேட்க யாரும் இல்லாததால்தான், அதனால் வாயை மூடிக்கொண்டு அடுக்கினேன். இப்போது நான்காவது பதிப்பில் நிற்கிறேன்.

உன் எம்1 மேக்கில் லினக்ஸ் போடலாமா என்று கேட்டாய். தாராளமாக. ஆப்பிள் ஹார்டுவேர் ஆவணம் எதுவும் தராமலே, அசாஹி லினக்ஸ் திட்டத்து ஆட்கள் மேக்ஓஎஸ்ஸை ஒரு ஹைப்பர்வைசருக்குள் (வேறொரு சிஸ்டத்தைத் தன் கட்டுப்பாட்டில் ஓட்டும் மென்பொருள்) ஓடவிட்டு அது ஹார்டுவேரோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்டே டிரைவர்களை எழுதினார்கள். அடிப்படை ஆதரவு 2021-ல் 5.13-ல் சேர்ந்தது. அடுத்த வருடம் 5.19-ஐ லினஸே ஆப்பிள் லேப்டாப்பிலிருந்து வெளியிட்டார். 1991-ல் "இது 386-ஐ (இன்டெலின் அந்தக் கால ப்ராசஸர்) தாண்டிப் போகாது" என்கிற தொனியில் எழுதிய அதே மனுஷன்! அந்த 386-ஐ 3.8-ல் தூக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. இன்டெலின் இன்னொரு ப்ராசஸரான இட்டானியமும் 6.7-ல் போயிற்று, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

என் போர்டில் இன்னும் ஈத்தர்நெட் எழவில்லை. பொங்கலுக்கு வரும்போது உன் லாஜிக் அனலைசரைக் கொண்டுவா. 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கேபிளும் ஒன்று எடுத்து வை, என்னுடையதைப் பூனை கடித்துவிட்டது.

அன்புடன்,
ரவி