பாப்பாவுக்கு, கிரஷர் கழுவாத கதை

பாப்பா,

நேத்து போன்ல ஆறு மாசம் வேஸ்ட்டுப்பா, பேசாம வேற வேலை பாத்துக்கலாம்னு இருக்குன்னு சொல்லிட்டு நெட்வொர்க் சரியில்லன்னு கட் பண்ணிட்டே. நெட்வொர்க் நல்லாத்தான் இருந்துச்சு. திரும்ப கூப்பிடலாம்னு பாத்தா அம்மா விடு, அழுதுட்டு இருப்பா, நாளைக்கு பேசலாம்னா. போன்ல பேசினா நீ குறுக்கால பேசுவே, எனக்கும் சொல்ல வந்தது மறந்து போகும், அதனால டைப் பண்றேன். ஒத்த விரல்லதான் அடிக்கிறேன், தப்பு இருந்தா கண்டுக்காதே.

நீ சொன்னது எனக்கு எவ்ளோ புரிஞ்சுதோ அதை சொல்றேன், தப்பா இருந்தா திட்டு. நார்வே கடலோரத்துல மண்ணு அள்ளிட்டு வந்து, அதுல கண்ணுக்கே தெரியாத புழுவ பொறுக்கி, ஒத்த புழுவோட டிஎன்ஏவ எடுத்து, அது ரொம்ப கொஞ்சூண்டு இருக்கறதால காப்பி மேல காப்பி எடுத்து பெருக்கி, சீக்வென்ஸ் பண்ணிருக்கே, அதாவது அதுல இருக்கற எழுத்து வரிசைய படிச்சிருக்கே. வந்ததுல பாதிக்கு பாதி புழுவோடதே இல்ல. அது தின்ன பாசி, அது மேல ஒட்டிக்கிட்டு இருந்த பாக்டீரியா எல்லாத்தையும் சேர்த்து பெருக்கி வெச்சிருக்கே. அம்மாகிட்ட இதை சொன்னேன், ஏங்க, கீரை ஆயறப்போ கழுவற மாதிரி கழுவிட்டு எடுக்கக்கூடாதான்னு கேட்டா. கழுவுனாளாம், வயித்துக்குள்ள இருக்கறத எப்படிடி கழுவறதுன்னு சொன்னதுக்கு, அப்ப ரெண்டு நாள் பட்டினி போடச் சொல்லுங்கன்னுட்டு அடுப்படிக்கு போய்ட்டா. நீ போன மாசமே அதைத்தான் சொன்னே, புழுவ பட்டினி போட்டு குடல் காலியானப்புறம் எடுக்கறதும் ஒரு முறைன்னு. அம்மாவுக்கு யாரு ஜூவாலஜி சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல.

சரி, என் கதை ஒண்ணு. இதை இதுவரைக்கும் உன்கிட்ட சொன்னதில்ல, ஏன்னா எனக்கே கூச்சம். வெள்ளக்கல் சுரங்கத்துல நான் சாம்பிள் ரூம்ல இருந்தது உனக்கு தெரியும். லாரி லாரியா வர்ற கல்லுல இருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து கிரஷர்ல போட்டு, பொடி பண்ணி, சலிச்சு, சிலிக்கா எவ்ளோன்னு பாத்து எழுதணும். வெள்ளக்கல்னா மேக்னசைட், நம்ம சேலத்துல அது டியூனைட்னு ஒரு கரும்பச்சைக் கல்லுக்குள்ள நரம்பு நரம்பா ஓடும், அதை பொம்பளைங்க கையால தட்டி கழிவுக்கல்லை பிரிச்சு எடுப்பாங்க. சூளைல 1,500 டிகிரிக்கு மேல சுட்டு இரும்பு உலைக்கு உள்பூச்சு செங்கல்லு பண்றதுக்கு போற கல்லு அது, சிலிக்கா ஏறிச்சுன்னா வாங்கறவன் திருப்பி அனுப்பிருவான். நீ ரெண்டாவது படிக்கறப்போ ஒருநாள் நல்ல கல்லுக்கு கன்னாபின்னான்னு சிலிக்கா வந்துருச்சு, நான் அப்படியே எழுதி குடுத்துட்டேன், லோடு நின்னு போச்சு, எனக்கு மெமோ. தலை குனிஞ்சு வீட்டுக்கு வந்தேன், அம்மாகிட்ட கூட சொல்லல. மூணு நாள் மண்டைய உடைச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி யாரோ கழிவுக்கல்லை ஓட்டிட்டு கிரஷரை கழுவாம போயிருக்கான், நானும் பாக்காம என் சாம்பிளை போட்டுட்டேன், அந்தக் கல்லோட பொடியும் இதுல கலந்து வந்துருக்கு. அன்னைல இருந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் எந்த சாம்பிளா இருந்தாலும் மொதல்ல அதே கல்லுல ரெண்டு கை அள்ளி ஓட்டி, அந்தப் பொடிய கீழ கொட்டிட்டு, அப்புறம்தான் நிஜ சாம்பிள். சூப்பர்வைசர் கல்லை வீணாக்கறேன்னு திட்டுவாரு. திட்டட்டும்.

நீ சொல்லுவியே, புழு இல்லாம வெறும் தண்ணிய வெச்சு அதே வேலைய மொத்தமா ஒரு தடவை செஞ்சு பாக்கறதுன்னு, அதுக்கு என்ன பேரு, பிளாங்க்கா? அது வெச்சியா இந்த தடவை? வெச்சிருந்தா வெளியில இருந்து வந்த அழுக்கு எது, புழுவோடயே வந்தது எதுன்னு தெரிஞ்சிருக்குமே. வெக்கலன்னா வெக்கலன்னு சொல்லு, நான் ஒண்ணும் மெமோ குடுக்க மாட்டேன்.

அப்புறம் நீயே ஒரு தடவை ஏற்காடு பஸ்ல வர்றப்போ சொன்ன கதை. ஜீனோடர்பெல்லா. பேரு ஞாபகம் இருக்கு பாத்தியா, கொண்டை ஊசி வளைவு 20ம் முடியறதுக்குள்ள நீ சொல்லி முடிச்சே, அம்மா வாந்தி வருதுன்னு ஜன்னல் பக்கம் தலைய வெச்சிருந்தா. 1915ல ஸ்வீடன் கடல் சேத்துல சிக்ஸ்டன் பாக்னு ஒருத்தர் புடிச்ச புழு, ரெண்டு மூணு சென்டிமீட்டர் இருக்கும், மூளைன்னு தனியா இல்ல, ஆசன வாய் இல்ல, ஒரு சுருங்கின பை மாதிரி. 1949ல தான் அதுக்கு பேரே வெச்சாங்க. 1997ல டிஎன்ஏ பாத்து இது சிப்பி இனம்னு சொல்லிட்டாங்க, உள்ள சிப்பி முட்டை மாதிரி கெடந்ததையும் பாத்து இதோட முட்டைதான்னு நெனச்சுட்டாங்க. 2003ல பாத்தா, அந்த புழுவோட சாப்பாடே சிப்பிதான்! தின்ன சிப்பியோட டிஎன்ஏவ எடுத்து புழுவோட டிஎன்ஏன்னு படிச்சிருக்காங்க. இது உன் கதையேதான். ஆனா அவங்க உலகத்துக்கே சொல்லி ஆறு வருஷம் ஓடிருச்சு, நீ வெளிய சொல்றதுக்கு முன்னாடியே புடிச்சுட்டே. இன்னைக்கும் அந்த புழு எந்தக் கிளைல உக்காரணும்னு அடிதடி நடக்குதுன்னு நீதான் சொன்னே, நட்சத்திர மீன் பக்கம்னு ஒரு கூட்டம், இல்ல தலை வால் இடது வலதுன்னு உடம்பு இருக்கற அத்தனை மிருகத்துக்கும் முன்னாடியே தனியா பிரிஞ்சு போன கிளைன்னு இன்னொரு கூட்டம்.

அந்த அடிதடிக்கு காரணம் நீ சொன்னப்போ எனக்கு புரியல, அப்புறம் நானா யோசிச்சு புரிஞ்சுக்கிட்டேன், சரியான்னு சொல்லு. சில புழுவோட டிஎன்ஏ வேகவேகமா மாறிடுது, அப்படி மாறின ரெண்டு புழு, சொந்தமே இல்லன்னாலும் கம்ப்யூட்டருக்கு பங்காளி மாதிரி தெரியுது. சுரங்கத்துல சாயங்காலம் சங்கு ஊதினதும் வெளிய வர்றப்போ நாங்க அத்தன பேரும் தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை தூசியா அண்ணன் தம்பி மாதிரியே இருப்போம், குழாயடில மூஞ்சி கழுவினாத்தான் யாரு எந்த வீட்டு ஆளுன்னு தெரியும். அது மாதிரிதானே?

எனக்கு ரொம்ப புடிச்சது அந்த டைமார்ஃபிலஸ். ஒரு மில்லிமீட்டர் கூட தேறாத பொம்பள புழு, ஆம்பளை அதுல இருபதுல ஒரு பங்கு, வாயும் கிடையாது குடலும் கிடையாது. இதை அம்மாகிட்ட சொன்னேன், இந்த வீட்லயும் அப்படி இருந்திருந்தா எனக்கு முப்பது வருஷ சமையல் மிச்சம்னா. 2020ல லண்டன், பெர்கன் ஆளுங்கல்லாம் சேர்ந்து அதோட ஜீனோமை, அதாவது மொத்த டிஎன்ஏவையும் படிச்சு வெளியிட்டாங்க, 7 கோடியே 38 லட்சம் எழுத்துதான், மனுஷனுக்கு 300 கோடிக்கு மேல. ஆனா ஜீன் கணக்கு பாத்தா அதுக்கு 14 ஆயிரம் சொச்சம், நமக்கு 20 ஆயிரம் பக்கம், அவ்ளோதான் வித்தியாசம்! ஓய்கோப்ளூரான்னு இன்னொரு சின்ன பிராணி, அதுக்கும் ஏறக்குறைய இதே அளவு ஜீனோம்தான், ஆனா தலை எங்க வால் எங்கன்னு சொல்ற ஹாக்ஸ் ஜீன் எல்லாம் அதுல மூலைக்கு ஒண்ணா சிதறிப் போச்சு. டைமார்ஃபிலஸ்ல அந்த வரிசை கலையவே இல்ல, நடுவுல இருக்கற வெத்து இடத்தை மட்டும் ஒடுக்கியிருக்குது. நாம கன்னங்குறிச்சி வீட்டை காலி பண்ணிட்டு ரெண்டு ரூம் லைன் வீட்டுக்கு வந்தப்போ அம்மா பண்ணின மாதிரி. சாமி படம் எந்த வரிசைல இருந்துச்சோ அதே வரிசைல இங்கயும் மாட்டினா, நடுவுல இருந்த காலண்டர் ஆணியத்தான் புடுங்கினா. எதுக்கு சொல்றேன்னா, அந்தப் புழுவ ஒருத்தன் சரியா கழுவி, கலப்பு எதுன்னு பிரிச்சு படிச்சதாலதான் இது நமக்கு தெரியுது, அரைகுறையா படிச்சிருந்தா பாசியோட ஜீனையும் சேர்த்து அதோட கணக்குல எழுதியிருப்பான்.

இன்னொண்ணு, நீ புழுவ மண்ணுல இருந்து பிரிக்கறதுக்கு மெக்னீசியம் குளோரைடு கரைச்சு ஊத்தறேன்னு சொன்னே, லிட்டருக்கு 75 கிராம் அளவுல, அது பட்டா புழு மயங்கி மண்ணுத் துணுக்கை விட்ருதுன்னு. அன்னைக்கு ராத்திரி எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா. வெள்ளக்கல்லுல இருக்கறதும் அதே மெக்னீசியம்தான், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தி சூடு பண்ணினா நுரைச்சுக்கிட்டு அந்த உப்பாத்தான் கரையும், நான் லேப்ல எத்தனை தடவை கரைச்சிருப்பேன். உன் பாட்டில்ல இருக்கறது எந்த நாட்டு மெக்னீசியமோ, நான் அது நம்ம வெள்ளக்கல்பட்டில இருந்துதான் வந்துச்சுன்னு நெனச்சுக்கறேன், நீ மறுத்து பேசாதே.

இந்த வேலைய விடறதா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன், உனக்கு 29 வயசு ஆச்சு. ஆனா இந்த கலப்படத்துக்காக, நீ சொல்ற கண்டாமினேஷனுக்காக விடாதே. ஒவ்வொரு துண்டுலயும் எந்த எழுத்து எத்தனை இருக்கு, எத்தனை தடவை வந்துருக்குன்னு கணக்கு பண்ணினா பாக்டீரியா ஒரு பக்கம் புழு ஒரு பக்கமா பிரிஞ்சு நிக்கும்னு நீதானே சொன்னே? அதை பண்ணிட்டு, மிச்சம் என்ன தேறுதுன்னு பாத்துட்டு, அப்புறம் முடிவு பண்ணு. ஆறு மாசமும் போச்சுன்னு நேத்து சொன்னே, மண்ணு அள்ளப் போன மூணு மாசம் போகலல்ல, புழு இன்னும் டப்பால இருக்குல்ல.

அம்மா தட்டுவடை வாங்கி பார்சல் பண்ணனும்னு நிக்கறா, செட்டு போட காரச்சட்னி அங்க யாரு அரைப்பாங்கன்னு கேட்டா அதையும் பவுடரா பண்ணி அனுப்பறேங்கறா. ஆடிக்கு கோட்டை மாரியம்மன் கோயில் பண்டிகைக்கு லீவ் கிடைக்குமான்னு பாரு, கிடைக்கலன்னா பரவால்ல, கிடைச்ச மாதிரியும் இருக்கட்டும். அங்க மழை நிக்கவே நிக்காதுன்னியே, அந்த ஓட்டை குடைய தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு, காசு அனுப்பறேன்.

பரண்ல ஏறி உன் பழைய பித்தளை சல்லடைய தேடினேன், சாம்பிள் ரூம்ல கழிச்சுக் கட்டினதை நான் கொண்டு வந்து குடுத்தது, 200 மெஷ், 75 மைக்ரான் ஓட்டை. ஆறாவது படிக்கறப்போ மூக்கனேரி சேத்தை அதுல சலிச்சு சலிச்சு வீடு பூரா நாற வெச்சியே. இப்ப புழு பிரிக்க நீ வெச்சிருக்கற 63 மைக்ரான் சல்லடைக்கு அது கொஞ்சம் பெருசுதான், இருந்தாலும் லீவுக்கு வந்தா எடுத்துட்டு போன்னு வெக்கலாம்னு பாத்தேன். பரண்ல இல்ல. அம்மா அதுல கோலமாவு சலிச்சுட்டு இருக்கா, கேட்டா தர மாட்டேங்கறா.

அப்பா