ஜூலை 26: நம் நகர் முன்னாள் ராணுவத்தினருக்கு மரியாதை

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, ஜூலை 26, கார்கில் வெற்றி தினம். காலை 7 மணிக்கு திருச்சி கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணன் நினைவிடத்தில் மாலை வைத்துவிட்டு, 8.30க்கு நம் நகர் பூங்காவில் கூடுகிறோம். 1999 மே 29 அன்று கார்கில் போரில் படாலிக் பகுதியில் வீழ்ந்த அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அப்போது வயது 26தான், வீர் சக்ரா பெற்றவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

1. உங்கள் வீட்டில் ராணுவம், கடற்படை, விமானப்படையில் இருந்தவர்கள் பெயர், பிரிவு, பணியாற்றிய ஆண்டுகளை வியாழனுக்குள் இங்கே போடவும். எழுத்துப் பிழை வேண்டாம், போன வருடம் பேனரில் ஒருவர் இனிஷியலே மாறிப்போய் அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனது இன்னும் உறுத்துகிறது.
2. பழைய சீருடைப் படம் இருந்தால் அனுப்புங்கள், மங்கியிருந்தாலும் பரவாயில்லை.
3. பதக்கங்களை அணிந்து வரச் சொல்லுங்கள். பீரோவில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டு வைத்திருக்கும் 1971 போர்க்காரர் ஒருவர் நம் மூன்றாவது தெருவிலேயே இருக்கிறார்!
4. நடக்க முடியாதவர்களை அழைத்துவர கார் தரக்கூடியவர்கள் சொல்லவும்.
5. பொன்னாடை வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். டீ, பொங்கல், வடை போதும். அப்புறம், நீண்ட பேச்சும் கிடையாது, அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்போம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவு 8க்குள் எண்ணிக்கையை மட்டும் பதிலாகப் போடுங்கள், சமையல்காரர் கேட்கிறார். கட்டைவிரல் படம் போட்டால் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.