கத்திரிக்காய்த் திருவிழாவும் ஒரு மலையும்

கோள்களின் நிலப்பரப்புக்குப் பெயர் சூட்டும் குழுவினருக்கு,

வணக்கம். குறுங்கோள் சீரிசின் வடதுருவத்தை ஒட்டி நிற்கும் மலையைப் பற்றி எழுதுகிறேன். எந்த மலை என்று உங்களுக்குத் தெரியும். 'இசோலோ' என்று பெயர் வைத்தீர்கள். அல்பேனியாவின் கத்திரிக்காய் அறுவடைத் திருவிழாவாம். அப்படியொரு திருவிழாவே கிடையாது என்று பிறகு தெரியவந்தது. கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்! சரி, மாற்றிவிட்டீர்கள். இப்போது அது 'யாமோர்', எக்குவடோர் நாட்டு மக்காச்சோளத் திருவிழா. நன்றி.

ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித் தருகிறேன். 2015-இல் டான் விண்கலம் சீரிசை எட்டியபின் சார்ட் அட்டையில் அதன் வரைபடம் போட்டேன். பெயர் மாறியதும் இசோலோமேல் ஒரு துண்டு வெள்ளைத்தாளை ஒட்டி, யாமோர் என்று எழுதினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பழைய பெயர் இன்னும் அடியில் தெரிகிறது. அதே அட்டையில் 'பொங்கல் கட்டேனா' என்ற குழிச்சரமும் உண்டு. முன்பெல்லாம் அதைத் தொட்டுக் காட்டினாலே பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒட்டுப்போட்ட வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நம்ம பொங்கல் நிஜம்னு அவங்க யாரைக் கேட்டாங்க சார்?" என்னிடம் பதில் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு திருவிழாவின் பெயரை எடுக்குமுன், அதைக் கொண்டாடும் ஒருவரையாவது கேளுங்கள்.

உங்கள் ஏற்பாட்டைக் குறை சொல்லவில்லை. சீரிசில் பள்ளங்களுக்கு வேளாண் தெய்வங்கள், மற்றவற்றுக்கு அறுவடை விழாக்கள் என்பது அழகான விதி. 92 கிலோமீட்டர் அகலப் பள்ளமான ஒக்கேட்டருக்குப் பரம்படிக்கும் ரோமானிய தெய்வத்தின் பெயர்! உழவனுக்கு இதைவிட மரியாதை ஏது? சீரிசின் மிக உயர்ந்த மலைக்கு நாகாலாந்தின் சூமி மக்கள் கொண்டாடும் அகுனாவின் பெயர். அதைச் சொல்லும்போது எனக்கே குரல் கொஞ்சம் ஏறும். ஆனால் இல்லாத விழா ஒன்று இத்தனை எளிதாக மலையேறிவிடும் என்றால், நாளைக்கு நானும் ஒரு முருங்கைக்காய்த் திருவிழாவை எங்காவது எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கலாமே. பெரிய பள்ளமாகப் பார்த்துக் கொடுப்பீர்களா?

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து கொண்டாடுகிறவர்களைக் கேளுங்கள். ஏற்கெனவே வைத்த பெயர்களையும் அப்படியே ஒருமுறை சரிபாருங்கள். பொங்கலைப் பற்றிக் கேட்க ஆள் வேண்டுமென்றால், ஞாயிறு மாலை என் வகுப்பில் பதினாறு பேர் இருப்பார்கள்.

அன்புடன்,
சார்ட் அட்டைக்காரன்