மனநோய் வேற, இது வேற

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம மாவட்டப் பக்கத்துல 19 வயசு பையன் காணாமப் போன செய்தி போட்டிருந்தீங்க, "மனநலம் பாதிக்கப்பட்டவர்"னு. அதே செய்திக்குள்ளயே அவன் சின்ன வயசுல இருந்தே பேச்சு கம்மி, ரெண்டாங்கிளாஸோட படிப்ப நிறுத்திட்டாங்கன்னும் இருக்கு. அத வச்சுப் பாத்தா இது மனநோய் மாதிரி தெரியல, அறிவுசார் குறைபாடு மாதிரிதான் இருக்கு. ஒரு வார்த்தைக்கு எதுக்கு லெட்டர்னு நினைப்பீங்க, அந்த ஒரு வார்த்தை தெரியாமத்தான் எங்க வீட்ல இருபது வருஷம் போச்சு.

என் தம்பிக்கும் அறிவுசார் குறைபாடுதான், இப்ப 32 வயசு. பொறந்தப்ப அழவே இல்லையாம், நீலம் பாஞ்சு கெடந்தான்னு அப்பத்தா சொல்லும். நாலு வயசுக்கு மேலதான் பேச்சே வந்துச்சு. காத்து கருப்புன்னு ஊரே சொல்ல, ஏர்வாடி தர்கா எங்களுக்குப் பக்கம்ங்கிறதால அங்க கூட்டிட்டுப் போயி மாசக்கணக்குல தங்கினோம். வேண்டுனத தப்புன்னு சொல்ல மாட்டேன், அங்க போனா அம்மாவுக்கு மனசு லேசாகும், இன்னைக்கும் போகுது. ஆனா இது வந்துட்டுப் போற நோய்னு நினைச்சுக் காத்துக் கெடந்தோம் பாருங்க, அதுதான் தப்பு. 2001 ஆகஸ்ட் 6-ல அங்க ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவங்க ஓட முடியாம, 28 பேரு செத்தாங்க. நாங்க ஊருக்குத் திரும்பி அப்ப ஒரு மாசம்தான் ஆச்சு, அப்பா அதுக்கப்புறம் எங்கயும் தங்க வைக்க சம்மதிக்கல.

மனநோய் நல்லா இருக்கிறவங்களுக்கு எந்த வயசுலயும் வரலாம், மருந்து மாத்திரையில நல்லா கட்டுப்படும். அறிவுசார் குறைபாடு 18 வயசுக்குள்ளயே தெரிஞ்சுரும், இதுக்குன்னு மாத்திரை கெடையாது, வலிப்பு இருந்தா அதுக்குத்தான் மாத்திரை. ரெண்டும் சேந்து இருக்கிறவங்களும் உண்டு. பிரசவத்துல மூச்சு முட்டுறது, டவுன் சிண்ட்ரோம், மூளைக்காய்ச்சல்னு காரணம் எத்தனையோ இருக்கு, சொந்தத்துல கட்டுறதும் ஆபத்தக் கூட்டும் (நம்ம பக்கம் இதச் சொன்னா சண்டைக்கு வருவாங்க).

தம்பிக்கு 25 வயசுலதான் மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட்டுக்குப் போனோம். டாக்டர் அவனக் கணக்கு போடச் சொல்லுவாங்கன்னு நான் பயந்தா, அவங்க அம்மாகிட்டதான் கேள்வி கேட்டாங்க, தானா குளிப்பானா, சட்டை பட்டன் போடுவானா, தனியா கடைக்குப் போயி சாமான் வாங்கிட்டு வருவானான்னு. அம்மா கௌரவத்துக்கு எல்லாத்துக்கும் "செய்வான் டாக்டர்"ங்குது. நான் வெளிய கூட்டிட்டு வந்து, ஆத்தா உள்ளதச் சொல்லுன்னு வஞ்சேன். குறைபாடு 75 சதவீதம்னு வந்துச்சு. லேசான குறைபாட்டுக்கே 50 போடுறாங்க, 40 இருந்தாலே உதவிக்குத் தகுதி, அதனால "நம்ம புள்ள அந்த அளவுக்கு இல்ல"ன்னு சும்மா இருக்காதீங்க. பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000 வருது. நிராமயான்னு ஒரு இன்சூரன்ஸ், வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல சேரும், அதப் பத்தி எங்களுக்குச் சொன்னது இன்னொரு பையனோட அம்மா, எந்த ஆபீஸும் இல்ல.

அப்பா இறந்தப்புறம் பேங்க்ல ஒரு பிரச்சனை. 18 வயசு தாண்டிட்டா பெத்த தாயே ஆனாலும் சட்டப்படி தானா கார்டியன் ஆக முடியாதாம், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல கலெக்டர் தலைமையில ஒரு குழு இருக்கு, அதுல விண்ணப்பிச்சு ஆர்டர் வாங்கணும். இது தெரியாம ரெண்டு வருஷம் அலைஞ்சோம்.

பணம் கூட ரெண்டாவதுதான், பழக்குறதுக்கு வழி இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ஒரு சிறப்பு டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க, சட்டையில எல்லா பட்டனையும் நீங்க போட்டுட்டு கடைசி ஒண்ண மட்டும் அவன் போடட்டும், அது வந்தப்புறம் கடைசி ரெண்டு, இப்படியே மேல ஏறணும், அப்பதான் ஒவ்வொரு தடவையும் வேலைய முடிச்சது அவனா இருப்பான். நாலு மாசத்துல முழுச் சட்டையும் போட்டான், 25 வயசு வரைக்கும் அம்மா போட்டுவிட்ட சட்டை. இதே பள்ளிக்கூட வயசுலனா வீட்டுக்கே வந்து சொல்லிக்குடுக்க ஏற்பாடு இருக்கு. இப்ப நண்டு வலை கரைக்கு வந்தா கால் ஒடியாம நண்டு கழட்டுறதுல எங்க தெருவுல அவன அடிக்க ஆளில்ல. ஆனா ரூபா நோட்டு மட்டும் கலர வச்சுத்தான் தெரியும், 2016-க்கு அப்புறம் புது நோட்டு வந்ததும் பாவம் குழம்பிட்டான், நாள் பூரா கழட்டுனவனுக்கு இருபது ரூபாயக் குடுத்து அனுப்புன யாவாரியும் இருக்கான்.

அதனால ரெண்டு வேண்டுகோள். இனிமே டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தா ஒழிய "மனநலம் பாதிக்கப்பட்டவர்"னு போடாதீங்க, கண்டவங்க பயந்து கல்லெடுப்பாங்க. இன்னொண்ணு, மீன்பிடித் தடைக்காலம் தேதிய பெருசா போடுறீங்கல்ல, அதே மாதிரி மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட் முகாம் தேதியையும் போடுங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த ரெண்டு மாசத்துல முகாம் வைக்கச் சொல்லி நீங்களும் எழுதுனா அப்பாமாரும் கூட வருவாங்க, இப்ப புள்ளைய இடுப்புல வச்சுட்டு பஸ் மாறி மாறி அலையிறது பூராவும் பொம்பளைங்கதான்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
கீழக்கரை பக்கம்
(பேரு போட வேண்டாம்)