காஃபின் வீட்டைப் பார்த்துவிட்டு நீ கேட்ட கேள்வி

அன்புள்ள மீனா,

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஓடிவந்த அடிமைகளை ஒளித்துவைத்துத் தப்பவிட்ட லீவை காஃபினின் வீட்டில் நீ எடுத்த படங்கள் வந்தன. மாடியில் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குட்டிக் கதவை அப்பா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். எனக்குப் பிடித்தது வீட்டுக்குள்ளேயே இருக்கும் கிணறு. வெளியே போய் வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்தால் உள்ளே எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும் அல்லவா? தண்ணீர்க் கணக்கு வரைக்கும் யோசித்ததில் அவர் மனைவி கேத்தரினின் மூளை இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எல்லோரும் அடிமை முறையை வெறுத்தவர்கள் என்றால், தங்களில் ஒருவரான காஃபின் மாதிரி ஆட்களை அவர்களே ஏன் ஒதுக்கினார்கள்?

பிளவு அவர்களுக்குப் புதிதில்லை. 1827ல் ஃபிலடெல்ஃபியாவில் பெரிதாக உடைந்தார்கள். லாங் ஐலண்டைச் சேர்ந்த ஈலியாஸ் ஹிக்ஸ் என்ற விவசாயி, மனிதனுக்குள் இருக்கும் தெய்வ ஒளிதான் முதலில், வேதாகமம் அதற்கு அப்புறம்தான் என்கிற ரீதியில் பிரசங்கம் செய்தார். சபை மூப்பர்களுக்குத் தாங்கவில்லை. மறு வருஷமே நியூயார்க், ஒஹாயோ, இண்டியானா என்று பிளவு பரவிவிட்டது. ஒஹாயோவின் மவுண்ட் பிளசன்ட்டில் தள்ளுமுள்ளே நடந்தது. போரே கூடாது என்பவர்கள்! அது கொள்கைச் சண்டை, இரண்டு தரப்பு நியாயமும் எனக்குப் புரிகிறது. காஃபின் விவகாரம் அப்படியில்லை. அதில் இரண்டு தரப்புக்கும் கொள்கை ஒன்றேதான்.

காஃபின் 1798ல் வட கரோலினாவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அப்பா சாலையோரத்தில் விறகு வெட்டிக்கொண்டிருக்க, சங்கிலியில் பிணைத்த அடிமைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஏன் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். எங்களை மனைவி மக்களிடமிருந்து பிரித்துவிட்டார்கள், தப்பித்து அவர்களிடமே ஓடிவிடுவோம் என்றுதான் சங்கிலி என்றார் அவர்களில் ஒருவர். என் அப்பாவை இப்படிக் கொண்டுபோனால் எனக்கு எப்படி இருக்கும் என்று பையன் யோசித்தானாம். வயதான பிறகு அவரே எழுதியது இது. 1826ல் இண்டியானாவுக்கு வந்து கடை வைத்தார். அப்புறம் ஆண்டுக்கு நூறு பேர் போல அவர் வீட்டு வழியாகத் தப்பிப் போனார்கள்.

நீ ரிச்மண்ட் வழியாகத்தானே போனாய்? குவேக்கர்களின் இண்டியானா ஆண்டுக் கூட்டம் அப்போது அங்கேதான் நடக்கும். ஆண்டுக் கூட்டம் என்றால் வெறும் கூட்டமில்லை, அந்தப் பகுதிக் குவேக்கர்களின் தலைமை அமைப்பே அதுதான். 1842 அக்டோபரில் கென்டக்கியிலிருந்து ஹென்றி கிளே அங்கே வந்தார். அடுத்த ஜனாதிபதி ஆகப் பார்த்துக்கொண்டிருந்தவர், சுமார் 50 அடிமைகளை வைத்திருந்தவர். உங்கள் அடிமைகளை விடுதலை செய்யுங்கள் என்று ஹைரம் மெண்டன்ஹால் என்ற குவேக்கர் கூட்டத்துக்கு நடுவே மனுக் கொடுத்தார். கிளே நீளமாகப் பேசி, கடைசியில் வீட்டுக்குப் போய் உன் வேலையைப் பார் என்று முடித்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதே கிளேயைக் குவேக்கர் பெரிய மனிதர்கள் மரியாதையாகத் தங்கள் ஆராதனைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்கள். அந்த ஆண்டுக் கூட்டத்தில்தான் சார்லஸ் ஆஸ்பர்ன் உட்பட 8 பேரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அடிமை ஒழிப்புச் சங்கங்களில் சேர்ந்தவர்கள் முக்கியப் பொறுப்புக்குத் தகுதியில்லை என்பது காரணம். ஆஸ்பர்ன் யார் தெரியுமா? 1817லேயே அடிமை முறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியவர்.

மூப்பர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களும் அடிமைகளை வைத்திருக்கவில்லை, அடிமை முறை பாவம் என்றுதான் நம்பினார்கள். ஆனால் வெளியாட்களோடு மேடையேறுவது, அரசியல் பேசுவது, ஊர்ப் பகை சம்பாதிப்பது எல்லாம் அவர்களுக்கு ஆகாது. 1828ன் வடு வேறு ஆறவில்லை. இன்னொன்று, குவேக்கர் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. மௌனமாக உட்கார்ந்து, சிலர் பேசி, கூட்டத்தின் மனநிலை இதுதான் என்று செயலர் எழுதுவார். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் கனமான நாலு பேரின் மனநிலைதான் கூட்டத்தின் மனநிலை ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

1843 பிப்ரவரியில் காஃபினும் சுமார் 2,000 பேரும் தனி ஆண்டுக் கூட்டம் அமைத்துக்கொண்டார்கள். ஆகவே ஒதுக்கினார்கள் என்பது பாதி உண்மை, இவர்களாக வெளியேறினார்கள் என்பது மீதி. 1845ல் லண்டன் குவேக்கர்கள் நாலு பேரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். எதற்கு? யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்க அல்ல, பழைய கூட்டத்துக்கே திரும்பிப் போங்கள் என்று சொல்ல. கடல் தாண்டி வந்து சொல்கிற பேச்சா அது? படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது.

தெய்வ ஒளி என்று பேசிய ஹிக்ஸ் தரப்பு யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. ஓடிவந்த அடிமைகளுக்கு ஆயுசு முழுவதும் உதவிய ஐசக் ஹாப்பரை, அடிமை ஒழிப்புப் பத்திரிகையில் தொடர்பு வைத்தார் என்று 1841ல் நியூயார்க்கில் நீக்கியவர்கள் அவர்கள்தான்.

காஃபின் பிரிந்த பிறகும் வீட்டுக் கதவைச் சாத்தவில்லை. 1847ல் சின்சினாட்டிக்குப் போய், அடிமைகளை வைத்து அல்லாமல் கூலி கொடுத்து விளைவித்த பருத்தித் துணியும் சர்க்கரையும் மட்டும் விற்கும் கடை போட்டார். பெரிய லாபம் ஒன்றுமில்லை. 1850களில் பிரிந்தவர்கள் சத்தமில்லாமல் பழைய கூட்டத்தோடு கலந்துவிட்டார்கள்.

பிரிந்தது சரிதான் என்பது என் கட்சி. அப்பாவுக்கு உடன்பாடில்லை. உள்ளேயே இருந்து மல்லுக்கட்டியிருக்க வேண்டும், வெளியே போனால் கூட்டம் முழுக்க அந்த நாலு பேர் கைக்குப் போய்விடும் என்கிறார். தொழிற்சங்கத்தில் இருந்தவர், அப்படித்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது உன்னிடமும் ஆரம்பிப்பார், தயாராக இரு.

அன்புடன்,
அம்மா